திசை பார்த்துக் கட்டிய கழிப்பறை

அன்றைக்கு மத்தியானம் சந்தைப்பேட்டை வெயிலில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டு மக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர்தான் முஸ்லிம்.

அவர் ஹாஜா மைதீன். சந்தையை ஒட்டி பைப், பெயிண்ட், ஆணி விற்கிற கடை வைத்திருப்பவர். பள்ளிவாசல் ஜமாத்துக்குச் செயலாளர். போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார்.

அவருக்குப் பக்கத்தில் குடையோடு உமையாள் ஆச்சி. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற தெருவில் தன் வீட்டை மட்டும் திறந்து, வெளியூர்க்காரர்கள் தங்கும் ஹோட்டலாக நடத்துகிறவர். மனையடி பார்க்கிறவரிடம் எழுதி வாங்கிய சீட்டு ஒன்று அவர் கையில் இருந்தது.

மூன்றாவது நான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கத்தோலிக்கக் கிறிஸ்தவள். என் கையில் ஸ்கேலும் ஒரு வரைபடமும்.

"மேற்க, லேசா வடக்க சாஞ்சு காட்டுது ஆச்சி," என்றார் ஹாஜா பாய். "அதுனால மேற்கப் பாத்து உக்காரக் கூடாது. முதுகும் காட்டக் கூடாது."

"அப்பக் கிழக்கும் கிடையாது."

"கிடையாது."

"நல்லதாப் போச்சு. எங்க சீட்டுலயும் வடக்கு தெற்காத்தான் போடணும்னு எழுதியிருக்கு," என்றார் ஆச்சி. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "டீச்சர், ஒங்களுக்கு?"

"எங்களுக்குத் திசையெல்லாம் இல்லை. தூரம் மட்டும்தான்," என்றேன்.

தூரம் என்றால் எங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து. நாங்கள் இடம் பார்த்துக்கொண்டிருந்தது, சந்தைக்கு வரும் பெண்களுக்கான கழிப்பறைக்கு.

ராக்கம்மாள் விழுந்த வியாழன்

போன வாரம் இந்தப் பத்தியில் என் பணி ஓய்வு விழாவையும் எனக்குப் போட்ட ரோஜா மாலையையும் பற்றி எழுதியிருந்தேன். அந்த மாலை வாடி, எறும்பு மொய்த்து, நானே அதைத் தூக்கிப் போட்ட பிறகு, செய்ய ஒன்றும் இல்லாமல் வாரச்சந்தைக்கு நானே போக ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் வியாழக்கிழமை சந்தை.

கத்தரிக்காய் என்றால் ராக்கம்மாளிடம்தான். சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து, சாக்கு விரித்து உட்கார்ந்தால், கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். பேரம் பேசினால் பதில் சொல்ல மாட்டார். காயை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டுக்கொள்வார்.

சித்திரை மாத வியாழன் ஒன்றில், நான் சொத்தை பார்த்துக் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, ராக்கம்மாள் ஒரு சத்தமும் இல்லாமல் முன்னால் சாய்ந்து, கத்தரிக்காய்க் குவியல் மேலேயே விழுந்தார். முதலில் எதையோ தேடிக் குனிகிறார் என்றுதான் நினைத்தேன். கை வைத்துப் பார்த்தால் உடம்பு அனலாய்க் கொதித்தது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையிலிருந்து ஹாஜா பாய் ஓடி வந்தார். இரண்டு வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சந்தையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஆச்சி, அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு டிரைவரிடம் காரை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பெண்கள் நாங்கள் திரும்பி வரும்வரை கத்தரிக்காய்க்குக் காவல் இருந்தார்கள். கொஞ்சம் விற்றும் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டர் பெண் ஒருத்தி. சிறுநீரில் கிருமி, கிட்னி வரை போய்விட்டது என்றாள்.

"தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?"

"குடிச்சாப் போகணும்ல," என்றார் ராக்கம்மாள், கண்ணைத் திறக்காமல். "எங்குட்டுப் போக?"

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஏறிட்டுப் பார்த்தாள். இதே மாதிரி இன்னொரு தடவை கொண்டுவந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றாள். நாங்கள் ராக்கம்மாளுக்குச் சொந்தமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு சின்ன வாக்குமூலம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று சுண்டு விரலைக் காட்டினால், "பெல் அடிக்கட்டும்" என்பேன். எழுந்து நிற்பது பெரும்பாலும் வடிவியல் பாடத்தின்போதுதான். பாடத்துக்குப் பயந்து போகிறார்கள் என்று நினைத்தேன். சிலர் அப்படித்தான் போயிருப்பார்கள். எல்லோருமா?

பெல் அடித்த பிறகு அவர்கள் போக வேண்டிய இடம் எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று இருந்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை ஆச்சியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தப்புத்தான் டீச்சர்," என்றார்.

மூன்று கடிதங்கள்

அடுத்த வாரமே மூன்று பேரும் பேரூராட்சி அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். சந்தையில் பழைய கழிப்பறை ஒன்று இருந்ததும், ஒரு மழையில் அது இடிந்ததும், செயல் அலுவலருக்குத் தெரிந்திருந்தது. நல்ல மனிதர்தான். நாங்கள் கேட்டதை மறுக்கவில்லை.

"கட்டுறதுக்கு ஒண்ணும் தடையில்லம்மா. எங்க கட்டுறதுன்னுதான் தெரியல. எந்த மூலையில கோடு போட்டாலும் மறுநாள் ஆட்சேபணை வந்துருது."

சந்தைப்பேட்டைக்குக் கிழக்கே சிவன் கோயில். மேற்கே, கடைகளுக்குப் பின்னால் பள்ளிவாசல். தெற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் எங்கள் கல்லறைத் தோட்டம். வடக்கே ரோடு. மூன்று இடத்திலிருந்தும் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஹாஜா பாய், "ரெண்டு வாரத்துல முடிச்சுரலாம்," என்றார். அவர் கடைக்கு வியாழக்கிழமைதோறும் யாராவது ஒரு பெண் வந்து, ஒதுங்க இடம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்பாராம். அந்தக் கடைக்குப் பின்னால் சுவர் மட்டும்தான். "இல்ல இல்லன்னு சொல்லியே வாய் வலிக்குது டீச்சர்."

அவர் சொன்ன இரண்டு வாரம் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

கிழக்கு மூலை என்றோம். அங்கேதான் தேர் திரும்பும் என்றது கோயில். மேற்குப் பக்கம் என்றோம். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்கிற தொட்டிக்கு நேர் பின்னால் வருகிறது என்றது ஜமாத். தெற்குச் சுவர் என்றதும் எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவை ஒரே குரலில் எழுந்தது. நடுவில் கட்டலாம் என்று ஹாஜா பாய் சொன்ன யோசனையை வியாபாரிகள் கேட்டுச் சிரித்தார்கள். இதில் யார் மேலும் யாருக்கும் வருத்தமில்லை. எல்லோரும் கழிப்பறை அவசியம் என்றார்கள். எல்லோரும் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இதற்குள் ராக்கம்மாள் தேறி, திரும்பவும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கி, கத்தரிக்காய்க்குத் தெளிப்பார்.

பிறகு ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்த வியாழனும் அவர் இடம் காலியாக இருந்தது. மூன்றாவது வியாழன் அங்கே வேறு ஒருவர் பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கியிருந்தார். நான் அன்றைக்குக் காய் வாங்கவில்லை. நேரே ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஆச்சி ஹாஜா பாயைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்ததும் ராக்கம்மாள் இடத்தில் குடங்கள் இருப்பதைச் சொன்னேன்.

"சனிக்கிழமை மத்தியானம் சந்தைப்பேட்டைக்கு வாங்க," என்றார் ஆச்சி. "இடம் முடிவாகாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல."

யார் பைப்?

அப்படி வந்து நின்ற மத்தியானத்தில்தான் மக்காவைத் தேடினோம்.

வடக்கு தெற்காக உட்கார வேண்டும் என்பதில் இரண்டு மதமும் ஒத்துப்போனதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கோயிலுக்கும் கல்லறைக்கும் தொலைவாக, பள்ளிவாசலுக்கும் அதற்கும் நடுவில் கடை வரிசை மறைக்கிற மாதிரி, ஒரே ஒரு இடம் மிஞ்சியது. வடமேற்கு மூலை. ஆச்சியின் சீட்டிலும் வடமேற்கு உத்தமம் என்று இருந்தது.

போய்ப் பார்த்தோம். அந்த மூலை முழுக்க பைப். ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டியிருந்தது.

"இது சந்தைக்குச் சேர்ந்த எடந்தான?" என்றார் ஆச்சி.

"ஆமா," என்றார் ஹாஜா பாய்.

"யாரு பைப்பு?"

அவர் போனில் திசைகாட்டியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "நம்மளுதுதேன் ஆச்சி."

"எத்தன வருசமாக் கெடக்கு?"

"அத்தா காலத்துல இருந்து."

 ஓராண்டாக ஊரெல்லாம் இடம் தேடியதில் அவர் எங்களோடு ஒரு நாள் விடாமல் நடந்தவர். அந்த மூலையில் இடம் இருப்பது அவருக்கு உண்மையாகவே தோன்றவில்லை. தன் பொருள் கிடக்கிற இடம் அவர் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரிந்ததில்லை, அவ்வளவுதான். முகம் கறுத்துவிட்டது. கயிற்றை அங்கேயே அவிழ்க்க ஆரம்பித்தார். ஆச்சி தடுத்து, கடை ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "என்னத்த இம்புட்டு நேரமா அளந்துக்கிட்டு இருக்கீக?"

ராக்கம்மாள். பாதியாக இளைத்திருந்தார். மறுபடி காய்ச்சல் வந்து மகள் வீட்டில் கிடந்தாராம். ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டிவிட்டுப் போகிற வழியில் எங்களைப் பார்த்திருக்கிறார். செத்துப்போய்விட்டாரோ என்று எங்களைப் பயப்பட வைத்ததற்காக அவரைத் திட்ட வேண்டும்போல் வந்தது எனக்கு. வரைபடத்தை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை.

"கதவு எங்குட்டுப் பாத்து இருக்கு?"

"ரோட்டுப் பக்கம்."

"ரோட்டுப் பக்கம் டீக்கடை. அங்குட்டுப் பூரா ஆம்பளைகளா உக்காந்திருப்பாக. எவ போவா?"

என் வரைபடத்தில் டீக்கடையே இல்லை.

"உள்ள தாழ்ப்பா உண்டுமா? தண்ணி உள்ளயே வருமா, தூக்கிக்கிட்டுப் போகணுமா? கூடைய எங்குட்டு வைக்க? சுருக்குப்பைய மாட்ட ஆணி இருக்கா?"

இடமும் திசையும் பார்த்தே ஓராண்டு ஓட்டிய நாங்கள் இதில் ஒன்றைக்கூட யோசித்திருக்கவில்லை. நான் ரப்பரை எடுத்துக் கதவை அழித்தேன். அவர் சொல்லச் சொல்லத் திரும்ப வரைந்தேன். முப்பது வருடம் வடிவியல் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு நல்ல படம் அமைந்தது.

கையெழுத்து

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இத்தனை நாள் அந்தப் பொம்பளைக எங்க போனாங்க?" ஹாஜா பாய் பேனாவை நீட்டினார். ஹஜ்ரத் கையெழுத்துப் போட்டார்.

கோயில் டிரஸ்டி, இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து காபியோடு வந்தார். "தேர் அன்னைக்கு விடியக்காலம் வந்து மத்தியானம் வரைக்கும் நிக்கிறனே, நான் எங்க போறேன்னு என்னைக்காச்சும் கேட்டீகளா?" டம்ளரை வைத்த வேகத்தில் காபி தளும்பியது. யோசனை அந்த இடத்திலேயே முடிந்தது.

கடைசிவரை நின்றது எங்கள் ஆட்கள்தான். இவ்வளவு தள்ளிப் போன பிறகும், காற்று அடித்தால் வாடை கல்லறைத் தோட்டம் வரை வரும் என்று பேரவையில் ஒருவர் சொன்னார். செத்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா என்றார் இன்னொருவர். பங்குச் சாமியார் என்னைப் பார்த்தார்.

எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். தெற்குச் சுவர்ல இருந்து ரெண்டாவது வரிசை. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்." கொஞ்சம் பொறுத்து, "உயிரோட இருந்தப்பவும் சொன்னதில்ல," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதம் அன்றைக்கே கிடைத்தது.

கழுவுவது யார்?

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது ஆச்சி வீட்டில் கூடினோம். ராக்கம்மாளும் வந்திருந்தார். மற்ற நாட்களில் பேரூராட்சி ஆள் வந்து சுத்தம் செய்துவிடுவார். சந்தையன்று மத்தியானத்திலும் ஒரு தடவை கழுவியாக வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் யாரும் உள்ளே போக முடியாது.

"அதுக்கு ஒரு ஆள் பிடிக்கலாம்," என்றார் ஹாஜா பாய்.

எந்தத் தெருவிலிருந்து பிடிப்போம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லவில்லை. மூன்று மதமும் பேசி முடித்த பிறகு கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

"எதுக்கு ஆளு?" என்றார் ராக்கம்மாள். "ஒங்க வீட்டுல யாரு கழுவுறா?"

"எங்க வீட்டுக்கு ஒரு ஆள் வருது," என்றார் ஆச்சி.

"எனக்கும் வருது," என்றேன்.

ஹாஜா பாய், "வீட்ல பாத்துக்கிருவாக," என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

"அப்பக் கத்துக்கங்க," என்றார் ராக்கம்மாள்.

சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொண்டோம். கடை போடுகிற பெண்கள், ஆச்சி, நான். உள்ளே பெண்கள் இருப்பார்கள் என்பதால் ஹாஜா பாய்க்குத் தண்ணீர்த் தொட்டியும் பைப்பும். முதல் சீட்டு ஆச்சிக்கு விழுந்தது. திறந்த பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் கையுறையும் பட்டுக்கரைச் சேலையுமாக ஆச்சி விளக்குமாற்றோடு உள்ளே போனபோது, சந்தையில் பாதி வியாபாரம் நின்றுபோனது. சென்னையிலிருந்து அவருடைய பங்காளி வீட்டில் போன் போட்டு, குடும்பத்துக்கு இது தேவையா என்று கேட்டார்களாம். "நீங்க இங்க இருந்தா ஒங்களுக்கும் ஒரு முறை போட்டிருப்பேங்கறேன்," என்று வைத்துவிட்டார்.

திறப்பு விழா

திறப்பு ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு. மூன்று சமயத்தாரும் ஆளுக்கொரு பிரார்த்தனை சொல்லலாம் என்று ஹாஜா பாய் ஒரு யோசனை வைத்திருந்தார். ஹஜ்ரத்தும் சாமியாரும் டிரஸ்டியும் அவரவர் இடத்திலிருந்தே, ஒருவரை ஒருவர் கேட்காமலே, கழிப்பறையில் பிரார்த்தனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் அந்த மூவரும் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பேரூராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டுவது, மற்றவர்கள் கை தட்டுவது என்று முடிவானது.

பத்தரை ஆனது. தலைவரைக் காணோம். சிவப்பு ரிப்பன் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கட்டியிருந்தது. விடியற்காலையில் பஸ் ஏறி வந்த பெண்கள் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

"டீச்சர், அவுக எப்ப வருவாக?" என்று ஒரு கீரைக்காரப் பெண் கேட்டாள்.

"கிளம்பிட்டாராம்."

"எங்க இருந்து?"

செயல் அலுவலர் மறுபடி போனை எடுத்தார்.

பதினொன்று ஆனது. தலைவர் வந்த பாடில்லை. ராக்கம்மாள் ரிப்பனைப் பார்த்தார். கையால் லேசாகத் தூக்கி, கீழே குனிந்து, அந்தப் பக்கம் போய்விட்டார். கீரைக்காரப் பெண் அடுத்து. பிறகு வரிசையாக எல்லோரும். செயல் அலுவலர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் போனார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கார் வந்தது. தலைவர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ரிப்பன் அப்போதும் முழுசாகத்தான் இருந்தது. வெட்டினார். கை தட்டினோம். போட்டோக்காரர், கதவைத் திறக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். தலைவர் முன்னால் போய், பின்னால் சாமியாரும் ஹஜ்ரத்தும் டிரஸ்டியும் நிற்க, சிரித்த முகத்தோடு முதல் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை.

"ஆளு இருக்கு!" என்றது உள்ளேயிருந்து ராக்கம்மாளின் குரல்.

தலைவர் கையை எடுத்தார். ஒரு எட்டுப் பின்னால் வந்து, மற்ற மூவரோடும் வரிசையில் நின்றுகொண்டார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.